அரைக் கிலோ சீனி

பிப்ரவரி ஏழாம் தேதி காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, தெற்கு ஜெர்மனியில் ஒரு சிற்றூரின் பேருந்து நிறுத்தத்தில், கணுக்கால் ஆழப் பனிக்குள் நின்றபடி, நான் திண்டுக்கல்லில் இரண்டு கிலோ சீனி வாங்கினேன். அரிசியும் துவரம்பருப்பும் கூட வாங்கியிருந்தேன். கோட்டுப் பைக்குள் கைபேசி துடித்தது. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிப் பார்த்தால் ரேஷன் கடைக் குறுஞ்செய்தி. பக்கத்தில் நின்ற கிழவர் என் முகத்தைப் பார்த்து, "நல்ல செய்தியா?" என்று கேட்டார். "சீனி வந்துவிட்டது," என்றேன். அவர் என் கைகளைப் பார்த்தார். இரண்டும் காலியாக இருந்தன. பேருந்து வரும்வரை என்னிடமிருந்து ஓரடி தள்ளியே நின்றார்.

விஷயம் எளிமையானது. காகித ரேஷன் புத்தகம் போய் ஸ்மார்ட் கார்டு வந்த சமயத்தில் நான் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்று பதிவு செய்தது நான் என்பதால் அட்டையில் ஏறியது என் கைபேசி எண். வங்கிக்கு ஓ.டி.பி. வேண்டுமே என்று அந்த எண்ணை ஜெர்மனியிலும் உயிரோடு வைத்திருக்கிறேன். மதினி கடைக்குப் போய் ரேகை வைத்தால் எனக்கு இங்கே செய்தி வரும். நான் உடனே மதினியைக் கூப்பிட்டு, "பருப்பு போட்டாச்சு போலருக்கே" என்பேன். "எம்புட்டு தூரத்துல இருந்துக்கிட்டு என் பையக் கவனிக்கிறீக தம்பி" என்பார். அப்படியே அண்ணன் கால் எப்படி இருக்கிறது, மகளுக்குக் கல்லூரி எப்படிப் போகிறது என்று பேச்சு நீளும். எங்கள் குடும்பத்தில் மாதாந்தரத் தகவல் தொடர்பு இப்படித்தான் நடக்கிறது.

அட்டையில் நான்கு பேர்: மதினி, அண்ணன், அவர்கள் மகள், நான். தலைக்கு அரைக் கிலோ வீதம் சீனி இரண்டு கிலோ. ஆக, பதின்மூன்று வருடமாக ஜெர்மனியில் வசிக்கும் நான், மாதந்தோறும் திண்டுக்கல்லில் அரைக் கிலோ சீனி தின்றுகொண்டிருந்தேன். எனக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை வியாதி. என் மனைவி ஸ்டெல்லா ஒருமுறை சொன்னாள்: "இங்க நான் காப்பிக்கு ஒரு கரண்டி போடாம மல்லுக்கு நிக்கிறேன். அங்க மூட்டை மூட்டையாத் தின்னா எப்படி எறங்கும்?"

பேரை எடுத்துவிடலாமே என்று நினைக்காமல் இல்லை. ஸ்டெல்லாவின் பெயரை வடமதுரையில் அவள் அப்பா எங்கள் கல்யாணத்துக்கு மறுவாரமே எடுத்துவிட்டார். பெண்கள் விஷயத்தில் அந்தச் சுறுசுறுப்பு எல்லா வீட்டிலும் உண்டு. பெயர் நீக்கிய சான்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு அட்டையில் சேர்ப்பதற்குள் நாங்கள் விமானம் ஏறிவிட்டோம். அவள் பதின்மூன்று வருடமாக எந்த அட்டையிலும் இல்லை. அந்தச் சான்று மட்டும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் 'நிரந்தரவாசி' ஆகிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் நீங்கள் ஏதோ ஆணியடித்து மாட்டிய படம் மாதிரி எங்களை நினைத்துக்கொள்கிறீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் பள்ளித் தோழன் நிரந்தரவாசிதான். வெளியே போய்த் திரும்பி வருவதற்கென்று தனி அனுமதி ஒன்றை அவன் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் என் மாமன் மகனின் நிரந்தர அட்டையில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கிறது. எங்கள் ஜெர்மன் அனுமதியின் பெயர் நீடர்லாஸுங்ஸ்எர்லாவுப்னிஸ். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பாதி அனுமதி செலவாகிவிடும். கால வரம்பு இல்லாதது என்று அதில் எழுதியிருக்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்தால் அது போய்விடும். தற்காலிகம் அல்லாத காரணத்துக்காக வெளியேறினால், அன்றே போய்விடும். 'போய்விடும்' என்பதற்குச் சட்டத்தில் அவர்கள் பயன்படுத்தும் சொல் எர்லெஷன். விளக்கு அணைவதற்கும் அதே சொல்தான். யாரும் வந்து ஊத வேண்டியதில்லை. நாம் ஊரில் தோசை தின்றுகொண்டிருக்கும்போது அது பாட்டுக்கு இங்கே அணைந்திருக்கும். பதினைந்து வருடம் இருந்துவிட்டால் காற்றுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள். நான் பதின்மூன்று வருடம் நான்கு மாதம்.

குடியுரிமை வாங்கியிருக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மைக் காரணம் வேறு. அதற்குப் பிறப்புச் சான்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது எட்டவில்லை என்று அப்பா என்னை நான்கு மாதம் முன்னதாகவே பிறக்க வைத்துவிட்டார். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு தேதி, பள்ளிச் சான்றில் இன்னொரு தேதி. இருபத்திரண்டு வருடமாக ஒருநாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன், தொழிற்சாலையில் பற்சக்கரங்களை ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிறவன், என் முதல் தேதியே பிழை என்பதை ஜெர்மன்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி வம்பு வந்தது. கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்ததால் மறுபடி ரேகை வைத்து ஜெர்மன் அட்டையையும் மாற்ற வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் கோப்பைப் பார்ப்பவர் ஃப்ராவ் கெல்லர். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. மேசையில் கள்ளிச்செடி வளர்ப்பவர். புதுக் கடவுச்சீட்டைப் புரட்டி, நாங்கள் யாரும் பார்க்காத கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே முகவரி இருந்தது. மலைக்கோட்டைக்குப் பின்பக்கம், பழைய எண் பதினான்கு, புது எண் முப்பத்தொன்று, திண்டுக்கல். பிறகு நான் நிரப்பிக் கொண்டுபோயிருந்த படிவத்தைப் பார்த்தார். அதில் ஒரு கட்டம், நிரந்தர வசிப்பிடம் எது என்று கேட்டிருந்தது. கை பழக்கம். நம் ஊரில் படித்தவன் எவனும் அந்தக் கட்டத்தைக் கண்டால் யோசிக்க மாட்டான். தற்போதைய முகவரி ஒன்று, நிரந்தர முகவரி ஒன்று. நானும் திண்டுக்கல் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

"நீங்கள் நிரந்தரமாக திண்டுகலில் வசிக்கிறீர்கள்," என்றார் ஃப்ராவ் கெல்லர்.

"இல்லை. இங்கேதான் வசிக்கிறேன். அது நிரந்தர முகவரி."

"நிரந்தர முகவரி என்றால்?"

என் ஜெர்மன் அப்படியொன்றும் மோசமில்லை. ஆனால் சொல்ல வேண்டியதே கோளாறாக இருக்கும்போது மொழி என்ன செய்யும்? "எங்கள் நாட்டில், ஒருவர் எங்கே வசிக்கவில்லையோ அதுதான் நிரந்தர முகவரி," என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். போன வருடம் ஜனவரி பதினொன்றிலிருந்து ஜூலை நான்கு வரை எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். அண்ணன் மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, இரண்டு அறுவை சிகிச்சை. ஆலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நாட்குறிப்பை எடுத்துக் காட்டினேன். புறப்பட்ட நாளும் சேர்ந்த நாளும் சேர்த்து நூற்று எழுபத்தைந்து நாள், ஆறு மாதம் முடிய இன்னும் ஏழு நாள் மிச்சம் என்று பெருமையாகச் சொன்னேன். கணக்கு இவ்வளவு துல்லியமாக இருப்பது அவருக்கு நிம்மதி தரவில்லை. ஏழு நாள் மிச்சம் வைத்துத் திரும்புகிறவன் எதையோ மிச்சம் பிடிக்கிறான் என்பதுபோலப் பார்த்தார். ஆறு மாதம் ஆகவில்லை, சரி. ஆனால் தற்காலிகமாகப் போனீர்களா, நிரந்தரமாகவா? நிரந்தரம் என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறதே. ஆகையால், திண்டுகலில் உங்கள் பதிவை நீக்கியதற்கான அப்மெல்டுங் சான்றைக் கொண்டுவாருங்கள் என்றார்.

இந்த நாட்டில் வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்துக்குப் போய், இங்கே வந்துவிட்டேன் என்று பதிய வேண்டும். நாட்டைவிட்டே போவதானால், போகிறேன் என்று சொல்லிப் பதிவை நீக்க வேண்டும். அதற்குச் சான்றும் தருவார்கள். உலகம் முழுக்க இப்படித்தான் என்பது அவர் எண்ணம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நிரந்தர முகவரி உலகம் முழுக்க உண்டு என்பது என் எண்ணமாக இருந்ததே.

அதுவரைக்கும் கையில் ஒரு காகிதம் கொடுத்தார். என் அனுமதி தொடர்வதாகப் பாவித்துக்கொள்ளும் காகிதம். பெயர் ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங். சொல்லுக்குச் சொல் பார்த்தால் புனைவுச் சான்று. வாழ்நாள் முழுக்க நாவல்களாக வாசித்துத் தள்ளியவன் கடைசியில் தானே புனைவாகிவிட்டேன். மே பதினைந்து வரை நான் இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். அதற்குமேல் கதாசிரியர் விருப்பம்.

ஸ்டெல்லாவிடம் சொன்னபோது சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அட்டை போச்சுன்னா ஒங்க வேலையும் போயிரும்ல?" என்று கேட்டாள். வேலை போகும், வேலையை நம்பி எடுத்த வீடு போகும், அவள் மட்டும் இங்கே முதியோர் இல்லத்தில் செவிலியாக இருப்பாள், நான் மலைக்கோட்டைக்குப் பின்பக்கம் நிரந்தரமாக இருப்பேன். அன்று மாலையே மதினி கூப்பிட்டார். "தம்பி, அட்டையில இருக்க எல்லாரும் கடைக்கு வந்து ரேகை வைக்கணுமாம். இல்லாட்டிப் பேரு போயிருமாம். இந்தா வந்துருவாக, பக்கத்துலதான் இருக்காகன்னு சொல்லி வச்சிருக்கேன். எப்ப வாரீக?"

ஒரே மாதத்தில் இரண்டு தேசங்கள் என் வலதுகை ஆட்காட்டி விரலைக் கேட்டன. ஒன்று நான் திண்டுக்கல்லில் இல்லை என்று தெரிந்துகொள்ள, இன்னொன்று இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள.

ஏப்ரல் ஆறாம் தேதி திண்டுக்கல்லில் இறங்கினேன். திண்டுக்கல்லில் இல்லை என்று நிரூபிக்கத் திண்டுக்கல்லுக்கே போக வேண்டியிருந்தது. அங்கே தங்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு எதிரான சாட்சியம் என்பதால் பத்து நாளுக்குமேல் கிடையாது என்று முடிவெடுத்திருந்தேன். மறுநாள் காலையில் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனேன். வி.ஏ.ஓ. முப்பது வயது தாண்டாத பெண். பொறுமையாகக் கேட்டார்.

"இருப்பிடச் சான்று வேணும்னா தரலாம் சார். இங்க இருக்காருன்னு."

"இல்லைன்னு வேணும்ங்க."

"யாரு இல்லைன்னு?"

"நான்தான்."

அவர் என்னை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். "இல்லைன்னு நாங்க குடுக்கிற சான்று ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு. அதுக்கு நீங்க நேர்ல வரவேண்டியதில்லை."

நாற்காலியில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. நான் கும்பிட்டு எழுந்தபோது அவரே கூப்பிட்டார். "சார், ரேஷன் கார்டுல பேரு இருக்கா? இருந்தா அதை நீக்கிட்டு, நீக்குனதுக்குச் சான்று வாங்கிக்கங்க. ஒரு வீட்டுல இருந்து ஆள் போயிட்டாருன்னு நம்ம ஊர்ல எழுதித் தர்ற காகிதம் அது ஒண்ணுதான்."

வாசலுக்கு வந்ததும்தான் உறைத்தது. அப்மெல்டுங்! ஃப்ராவ் கெல்லர் கேட்ட பொருள் நம்மிடமே இருந்திருக்கிறது. நம் ஊரில் மனிதன் பதியப்படுவது வீட்டில் அல்ல, பானையில்.

மதினியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. அண்ணன் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் விளக்கி முடித்ததும், "எடுத்துருவோம்லே, அதுக்கென்ன," என்றார். மதினி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

"பேர எடுக்கவா நாலாயிரம் மைலு தாண்டி வந்தீக? ரேகை வைக்க வந்தீகன்னுல்ல நெனச்சேன்."

"எடுக்கலைன்னா அங்க அட்டை போயிரும் மதினி. வேலையும் போயிரும்."

"அதுனால என்ன, இங்க வந்து இருங்க. அரைக் கிலோ சீனி இருக்குல்ல ஒங்களுக்கு."

கிண்டலா, கோபமா என்று தெரியவில்லை. கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்தவர், "போன வருசம் இவரு கட்டில்ல கெடக்கையில ஆறு மாசமா யாரு இருந்தா இந்த வீட்ல? அப்ப இருந்ததுக்கு ஒரு சான்று குடுப்பாகளா அந்த ஊர்ல?" என்றார். நான் இருந்ததற்கு அந்த ஊரில் கொடுத்த புனைவுச் சான்றுதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

மறுநாள் அவரே சேலை மாற்றிக்கொண்டு, "வாங்க, போவோம்," என்றார். குடும்பத் தலைவி அவர். அவர் இல்லாமல் என்னை நீக்க முடியாது. இ-சேவை மையத்தில் ஒரு பெண் கணினியில் படிவத்தைத் திறந்தாள். நீக்குவதற்குக் காரணம் கேட்டது. பட்டியலில் இறப்பு இருந்தது, திருமணம் இருந்தது, வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தது இருந்தது. மூன்றாவதை அழுத்தச் சொன்னேன். அழுத்தினால் எந்த மாவட்டம், எந்தக் கடை என்று அடுத்த கட்டம் திறந்தது. அந்தப் பெண் மேலும் கீழும் தேடிவிட்டு, "ஜெர்மனி இதுல இல்ல சார்," என்றாள். நீலகிரி வரைக்கும்தான் குளிர்ப்பிரதேசம் போயிற்று. இறப்பை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று பேரும் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கலியாணம்னு போடும்மா," என்றார் மதினி.

"அது பொம்பளைப் பிள்ளைங்களுக்குப் போடுறது அக்கா."

"அவுகளும் கலியாணம் முடிச்சுத்தான வீட்ட விட்டுப் போனாக? முடிச்சு நாலு மாசத்துல போனவுகதான். திரும்பி வரலையே. அப்படின்னா அது என்ன?"

பெண் என்னைப் பார்த்தாள். திருமணச் சான்று வேண்டும் என்றாள். என் பையில் அது இருந்தது. இருக்காதா பின்னே. ஞானஸ்நானம் தொடங்கி மழலையர் பள்ளி வரைக்கும் எல்லாக் காகிதமும் மூன்று நகல்களாக வைத்திருந்தேன். இப்படியாக ஏப்ரல் எட்டாம் தேதி, நாற்பத்தொரு வயதில், நான் கல்யாணமாகிப் பிறந்த வீட்டைவிட்டுப் போனேன். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டே, "எங்கப்பா எனக்குச் செய்ய ஒரு வாரந்தான் எடுத்தாரு. ஒங்களுக்குப் பதிமூணு வருசம். ஆம்பளப் பிள்ளைன்னா கொஞ்சம் மெதுவாத்தான் அனுப்புவாக போல," என்றாள்.

"நம்பரையும் மாத்தணுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். என் கைபேசி எண்ணைச் சொல்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி, "அது கெடக்கட்டும். பேரத்தான எடுக்கச் சொன்னாக," என்றார்.

சான்று வந்ததும் திரும்பினேன். நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வருடமாக இங்கே இருப்பவர். படித்துவிட்டுத் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, நீங்கள் கலியாணம் கட்டிப் போனதா எழுதிக் கிடக்கு. சரிதானே?"

"சரிதாண்ணே."

"அப்ப நான் அப்பிடியே எழுதுறன்," என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. இதைவிட விசித்திரமான காகிதங்களை அவர் மொழிபெயர்த்திருக்கக்கூடும்.

மே ஏழாம் தேதி ஃப்ராவ் கெல்லர் அதைப் படித்தார். நான் கள்ளிச்செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு பூ விட்டிருந்தது. "நீக்கியதற்குக் காரணம், திருமணம்," என்று வாய்விட்டுப் படித்தவர் நிமிர்ந்தார். மறுபடி ஒரு கல்யாணமா, யாரோடு, மனைவிக்குத் தெரியுமா என்று கேட்பார், அதற்கு என்ன ஜெர்மன் பேசுவது என்று மனத்துக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"எப்போது திருமணம்?"

தேதியைச் சொன்னேன். கிழமையையும் சொன்னேன். அவர் என் கோப்பில் நான் ஜெர்மனிக்கு முதலில் வந்த நாளைப் பார்த்தார். நான்கு மாத வித்தியாசம். முகம் தெளிந்தது. "நா ஆல்ஸோ," என்றார். அதுதானே பார்த்தேன் என்பது மாதிரி. மனிதன் கல்யாணம் செய்கிறான், பெற்றோர் வீட்டிலிருந்து பதிவை நீக்குகிறான், வேறிடம் போகிறான். உலகம் முழுக்க இப்படித்தான். சொல்வதற்குக் கொஞ்சம் தாமதமாகியிருக்கிறது, அலுவலகம் என்றால் அப்படித்தான் என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். இத்தனை நாள் நான் உண்மையை விளக்கோ விளக்கு என்று விளக்கியும் ஏறாதது, மதினியின் ஒரு கேலியில் ஏறிவிட்டது. பிறகு ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். வலதுகை ஆட்காட்டி விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

புது அட்டை ஜூன் தொடக்கத்தில் வந்தது. கால வரம்பு இல்லாதது என்று ஒரு வரியில் இருக்கிறது. அட்டை செல்லுபடியாகும் கடைசித் தேதி இன்னொரு வரியில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. ஸ்டெல்லா என் நீக்கச் சான்றின் மூலப் பிரதியை எடுத்துத் தன் சான்று இருந்த அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள். அவளுடையது மஞ்சளேறியிருந்தது. இரண்டிலும் காரணம் திருமணம். வேறு அட்டையில் சேர்த்துக்கொள்வதற்காகத் தருவது என்று இரண்டிலும் போட்டிருக்கிறது. முதல்முறையாக நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் பதிவாகியிருந்தோம், அந்த உறைக்குள்.

ஜூன் ஆறாம் தேதி காலை, அதே பேருந்து நிறுத்தம். பனி போய் லிண்டன் மரங்கள் தழைத்திருந்தன. அந்தக் கிழவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கைபேசி துடித்தது. அரிசி, பருப்பு, சீனி ஒன்றரைக் கிலோ. மதினியைக் கூப்பிட்டேன்.

"சீனி ஒன்றரைதான் போட்டிருக்காக போலருக்கே."

"தெரியும் தம்பி. நாந்தான தூக்கிட்டு வந்தேன்."

"கனம் கொறஞ்சிருச்சா?"

"அரைக் கிலோவுல என்ன கனம்." பின்னால் சைக்கிள் மணிச் சத்தமும், யாரோ கீரை விற்றுக்கொண்டு போவதும் கேட்டன. "ஆனா தம்பி, இனிமே வாரதா இருந்தா ரெண்டு நா முன்னாலயே சொல்லிட்டு வாங்க. விருந்தாளிக்குன்னா வெளிக்கடையில சீனி வாங்கி வைக்கணும்ல."

சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். கிழவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த முறை எதுவும் கேட்காமல் தள்ளி உட்கார்ந்து, பெஞ்சில் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டார்.